ஏரிக்காற்று வீசும் தனி வீடு, உடனடி விற்பனைக்கு

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் உடனே ஏதாவது ஒன்று கழன்று விழும். "பரவாயில்லையே, சமையலறை விசாலமா இருக்கே" என்று என் நாத்தனார் வாயெடுத்த நிமிஷம், குழாயின் திருகு அவர் கையோடு வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த என் அண்ணன் "காத்தோட்டமான ஜன்னல்" என்றார். அன்று மாலையே ஜன்னல் கதவு தெருவில் கிடந்தது. அதனால் அந்த வீட்டை யாரும் பாராட்டாமல் பார்த்துக்கொள்வது எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டைப் பற்றித்தான் நான் ஒரு முழுப் பக்கம் புகழ்ந்து எழுதித் தொலைத்தேன்.

எழுத வைத்தது படிப்பு. தெருவில் எந்த வீடு காலியாகப் போகிறது என்பது காலி செய்பவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேலைக்கு வந்து இறங்கும் பிள்ளைகள், வாட்ச்மேனைக் கேட்பதற்கு முன்னால் என்னைத்தான் கேட்பார்கள். "இப்படி ஓசியில ஊருக்கெல்லாம் வீடு பாத்துக் குடுக்கறதுக்கு நீ பேசாம ஒரு ஆபீஸ் போட்டுடு" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டிலும் அதே வேலைதான் பார்ப்பார். ஒருநாள் ஆவடியில் ஒரு ஷேர் ஆட்டோவின் முதுகில் 'ரியல் எஸ்டேட் டிப்ளமோ, வீட்டிலிருந்தே தபால் வழியில் படிக்கலாம்' என்று பார்த்தேன். அவர் கிண்டல் நினைவுக்கு வந்தது. ரோஷத்தில் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த நேரம்தான் சரியில்லை. மகள் அப்போது பிளஸ் டூவுக்குப் போயிருந்தாள். பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டின் சட்டங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. டிவி கூடாது, விருந்தாளி கூடாது, கல்யாணத்துக்கு ஒருவர்தான் போகலாம். எதைக் கேட்டாலும் "மார்ச் முடியட்டும்" என்பதுதான் பதில். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், வீடு மாறவே கூடாது. அவள் பள்ளிக்கூடம் எங்கள் தெரு முடிகிற இடத்தில் இருந்தது. முதல் மணி அடித்த பிறகு இட்லியை விழுங்கினாலும் பிரேயருக்குப் போய் நிற்கலாம். வீட்டுக்காரம்மா பக்கத்துத் தெருவில் மகன் குடும்பத்தோடு இருந்தார். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் எப்போதோ வீடுகளாகிவிட்டது. வாடகையை ஏற்றாதவர், எதையும் ரிப்பேர் செய்து தராதவர். இரண்டுக்கும் சரியாகப் போயிற்று என்று நாங்களும் வாயைத் திறப்பதில்லை.

புத்தகங்கள் கூரியரில் வந்தன. யார் எழுதியதோ, அவர் நம் ஊர்ப் பக்கம் வந்தே இருக்க மாட்டார். 'ஏரியைப் பார்த்தபடி அமைந்த வீடு என்பதை வாடிக்கையாளரிடம் முதலில் சொல்லவும், மதிப்பு கூடும்' என்று இரண்டாம் பாடத்தில் இருந்தது. எங்கள் பக்கம் ஏரி என்று வாயைத் திறந்தாலே வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. வாசல் எந்தத் திசை என்பதே அதற்கு அப்புறம்தான். இருந்தாலும் பச்சை மை பேனாவால் அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்தேன். மகள் ஒரு பக்கம் வேதியியல், நான் ஒரு பக்கம் வில்லங்கச் சான்றிதழ். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு என் கணவர் போய்ப் படுத்துக்கொள்வார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முக வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்போம். முதல் வகுப்பிலேயே ஒன்று புரிந்துவிட்டது. வந்திருந்தவர்களில் என்னைத் தவிர அநேகமாக எல்லோருமே ஏற்கெனவே புரோக்கர்கள். விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று சேர்ந்தவர்கள். டீ இடைவேளையில் ஒருவருக்கொருவர் மனை விற்பார்கள். வாங்குபவர் யாரும் இல்லை என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த ஏரியாவோ அதுதான் பெயர். நான் கள்ளிக்குப்பம் அக்கா. எனக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர் நசரத்பேட்டை. வெள்ளைச் சட்டைப் பையில் தங்கக் கலர் பேனா வைத்திருப்பார். எழுத ஆரம்பித்தால் என்னிடம் பேனா கேட்பார். அந்தப் பக்கம் ஐயப்பன்தாங்கல், ஐடி கம்பெனிப் பையன், வார இறுதியில் புரோக்கர். அவன் என்னை ஆன்டி என்பான். அதற்கு நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஆசிரியரும் லேசுப்பட்டவர் இல்லை. நில மதிப்பீடு பற்றி மதியம்வரை பாடம் நடத்திவிட்டுக் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, பூந்தமல்லி தாண்டி ஹைவேக்கு உள்ளே தன்னிடம் அருமையான மனை ஒன்று இருப்பதாகவும், மாணவர்கள் என்பதால் சலுகையில் தருவதாகவும் சொன்னார். நசரத்பேட்டை எழுந்து நின்றார்.

"சார், அந்த மனைய உங்களுக்கு வித்ததே நாந்தானே சார்!"

ஆசிரியர் கரும்பலகையை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்த அடுத்த பாடத்தில்தான் வந்தது ஒப்படைப்பு. 'உங்களுக்கு நன்கு தெரிந்த சொத்து ஒன்றை விற்பனைக்காக ஒரு பக்கத்தில் விவரித்து எழுதுக.' எழுதியதை வகுப்பின் குரூப்பில் போட்டு மற்றவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்றார். எனக்கு நன்கு தெரிந்த சொத்து ஒன்றே ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன்.

'கள்ளிக்குப்பத்தின் அமைதியான பகுதியில் தனி வீடு. கிழக்குப் பார்த்த வாசல். வற்றாத போர் தண்ணீர். கனிந்து குலுங்கும் சப்போட்டா மரம். மாலையில் மரத்தடியில் அமர்ந்தால் ஏரிக்காற்று முகத்தைத் தொடும். பள்ளி, கோயில், மார்க்கெட் நடக்கிற தூரத்தில். குடியிருந்தவர்கள் பிரிய மனமில்லாத வீடு. உடனடி விற்பனைக்கு.'

பொய் ஒன்றும் இல்லை. தண்ணீர் வற்றாது. வெள்ளைத் துணி மஞ்சளாகும், அது வேறு விஷயம். சப்போட்டா குலுங்கும். வௌவால்கள் தின்றுவிட்டுக் கொட்டையைக் கொடியில் காயும் புடவை மேல் துப்பும். ஏரிக்காற்றுதான் கொஞ்சம் இடித்தது. இத்தனை வருஷத்தில் பின்பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. துணி உலர்த்தப் போவேன், வௌவாலைத் திட்டுவேன், உள்ளே வந்துவிடுவேன். ஆனால் அந்தத் திசையில் ஏரி இருப்பது உண்மை. காற்று என்பது எங்கும் இருப்பது. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். மகள் படித்துவிட்டு, "அம்மா, இந்த வீட்டுக்கு நாம எப்ப குடி போறோம்?" என்று கேட்டாள். போய்ப் படி என்று விரட்டினேன்.

முதல் வரியில் 'பயிற்சிக்காக எழுதியது' என்றும் கடைசி வரியில் என் பெயரையும் வகுப்பையும் போட்டுத்தான் குரூப்பில் அனுப்பினேன். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடுத்தவர் அனுப்பியதை இன்னொருவருக்குத் தள்ளிவிடும்போது முதல் வரியையும் கடைசி வரியையும் வெட்டிவிட வேண்டும். அங்கேதான் முன்னவர் பெயரும் நம்பரும் இருக்கும். வெட்டிய இடத்தில் தன் நம்பரைப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த வீடு, எந்தத் தெரு என்பதை மட்டும் கடைசி நிமிஷம்வரை சொல்லக் கூடாது. சொன்னால் நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு நேராகப் போய்விடுவார்கள். இதெல்லாம் எங்கள் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், காப்பி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க பாரேன். கூட வேலை பாக்கற ஒருத்தர் அனுப்பியிருக்கார். நம்ம கள்ளிக்குப்பத்துலயே ஒரு வீடு வருதாம்."

படித்துக் காட்டினார். என் வரி, ஒரு புள்ளி மாறாமல்.

"ஏரிக்காத்து முகத்தைத் தொடுமாம்!" என்றார். "நமக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு. கரண்டு போனா உக்காந்த இடத்துலயே வேர்த்து ஊத்துது. சப்போட்டான்னா அது சப்போட்டா. நம்ம மரமும் இருக்கு, தண்டத்துக்கு. குடியிருந்தவங்க பிரிய மனமில்லாத வீடாம். பாவம், யாரோ என்னவோ."

அது நான் எழுதியது, இந்த வீடுதான் அது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதிய எதையும் அவர் இப்படி ரசித்துப் படித்ததில்லை. மளிகைச் சீட்டைக்கூடப் பாதிதான் படிப்பார், மீதியை மறந்துவிட்டு வருவார். "எழுதறதுன்னா இப்படி எழுதணும்" என்று வேறு சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாமே என்று சும்மா இருந்தேன். அவர் கைப்பேசியில் என்னவோ பதில் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை கேட்டைத் திறந்துகொண்டு நசரத்பேட்டை வந்து நின்றார். பின்னால் ஒரு இளம் தம்பதி.

"அக்கா, நம்ம பார்ட்டி. ஊட்ட சுத்திப் பாத்துட்டு போயிர்றோம்."

"எந்த வீட்டை? அது பயிற்சிக்காக எழுதினதுன்னு முதல் வரியிலயே போட்டிருந்தேனே!"

"பயிற்சின்னு போட்டா மார்க்கெட்ல ஓடாதுக்கா. அதான் வெட்டிட்டேன்" என்றார், எனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதைப் போல. "செம்மயா ஓடுது. ஆவடி வரிக்கும் போய்ட்டு திரும்பி எனக்கே வந்துச்சி."

அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பி மூச்சு விடுவதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார். நசரத்பேட்டை எனக்கு முன்பே அவரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"இன்னாமா, என் ஊட்ட நான் விக்கிறேனாமே? ஊரே சொல்லுது. எனக்குத்தான் ஒண்ணியும் தெர்யாது."

"அது ஹோம் ஒர்க்குமா" என்றேன்.

"இந்த வயசுல உனக்கின்னாம்மா ஹோம் ஒர்க்கு?"

விளக்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அது அதைவிட மோசம்.

"எம்புள்ள படிச்சிக் காட்டினான். நல்லாத்தான் எய்தி கீறே. அவன் இன்னாடான்னா வித்துட்டு ஃபிளாட்டு வாங்கலாம்ன்றான். யாரோ ரெடி கேஷ் பார்ட்டி கீறாராம், அந்த ஊடுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாராம். எனக்கு ஒண்ணும் புரில. ஆடி மாசம் வேற வந்துகினு கீது. ஆடி போவட்டும், பாக்கலாம்."

ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள். அந்த ஒரு மாதம்தான் எனக்கு இருந்த பிடிமானம். அன்று சமைக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிளஸ் டூ பிள்ளையை வைத்துக்கொண்டு நானே எழுதி, நானே வீட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டை விற்கும் யோசனை இருப்பதை மட்டும் கணவரிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் அசரவில்லை.

"வித்தா விக்கட்டுமே. அந்த ஏரிக்காத்து வீட்டைப் புடிச்சிடலாம்" என்றார்.

பார்க்கிற வீட்டையெல்லாம் பிடித்துவிடலாம் என்று சொல்வது அவர் சுபாவம். அதனால் நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆடியில் வாங்க மாட்டார்களே தவிர, பார்க்காமல் விட மாட்டார்கள். வீட்டுக்காரம்மாவின் மகன் சம்மதம் சொல்லிவிட்டதால் நசரத்பேட்டை வாராவாரம், என் கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். குடியிருப்பவள் நான், கதவைத் திறந்து காட்டாமல் இருக்க முடியாது. நான்காம் பாடம் கைகொடுத்தது. 'சொத்தின் குறைகளை வாடிக்கையாளரிடம் மறைப்பது தொழில் ஒழுக்கம் ஆகாது.' நான் ஒழுக்கத்தின் உச்சிக்கே போனேன்.

"தண்ணி வத்தாதுங்க" என்பார் நசரத்பேட்டை.

"ஆமாங்க, வத்தாது. நீங்க போட்டிருக்கற இந்த வெள்ளைச் சட்டை மட்டும் தீபாவளிக்குள்ள சந்தனக் கலர் ஆயிடும்" என்பேன் நான்.

"ஏரி காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும் சார்."

"மழைக்காலத்துல ஏரியே வரும். முதல் படி வரைக்கும் வந்துட்டுப் போகும், பாவம், அதுக்கு மேல வராது."

"சுவத்தப் பாருங்க, அந்தக் காலத்துக் கட்டடம்."

"ஆணி அடிக்காதீங்க. அந்தப் பக்கம் வந்துடும்."

வந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார்கள். ஒருநாள் வெளியே வந்து நசரத்பேட்டை என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது.

"இன்னாக்கா இது, ஒரே பெஞ்சுல குந்திகினு படிச்சிட்டு எம்பொயப்புல மண்ணு போடுறியே?"

"நாலாம் பாடம் படிச்சீங்களா?"

"படிச்சேன்க்கா. அது பரிச்சைக்கு."

பார்த்தவர்களை விரட்டிவிட்டேன். பார்க்காத ஒருவரை மட்டும் விரட்ட முடியவில்லை. அந்த ரெடி கேஷ் பார்ட்டி. அவர் வீட்டைப் பார்க்க வரவே இல்லை, பார்க்காமலே பிடித்துப்போய்விட்டதாம். ஆவணி பிறந்த முதல் ஞாயிறு பேசி முடித்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். எப்போது காலி செய்வோம் என்று தெரிந்துகொள்ள என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார் வீட்டுக்காரம்மாவின் மகன்.

என் கணவர் அன்று காலையிலேயே ஒரு சோலி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். நான் தனியாகப் போனேன். மார்ச்வரைக்குமாவது விடுங்கள் என்று அந்தப் பார்ட்டியின் காலில் விழுவதாக இருந்தாலும் சரி என்று முடிவு செய்திருந்தேன்.

வீட்டுக்காரம்மா வீட்டு ஹாலில் நாற்காலி போதாமல் பாய் விரித்திருந்தார்கள். நசரத்பேட்டை இருந்தார். என்னைப் பார்த்ததும் "ஹாய் ஆன்டி" என்றான் ஐயப்பன்தாங்கல். முன்பின் தெரியாத இன்னும் சிலர். எல்லோர் கையிலும் ஒரு ரெக்சின் பை. பஜ்ஜியும் காப்பியும் வந்து ஆறிக்கொண்டிருந்தன.

"பார்ட்டி நீங்கதானுங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரை மரியாதையாகக் கேட்டேன்.

"இல்லீங்க, நான் பூந்தமல்லி. பார்ட்டி இந்தத் தம்பி கையில."

"என் கையில இல்ல சார்" என்றான் ஐயப்பன்தாங்கல். "நீங்கதானே பார்ட்டிய வச்சிருக்கீங்கன்னு நசரத்பேட்டை சொன்னாரு?"

"நான் எங்கப்பா சொன்னேன்? பார்ட்டி ஆவடிக்காரர் கையில கீறாரு. அவருதான் இட்டுகினு வந்துகினு கீறாரு."

ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நிறுத்திய பிறகும் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்கிற அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அது எங்கள் வண்டி.

பின்னால் உட்கார்ந்திருந்த ஆவடிக்காரர் குதித்து இறங்கி, "பார்ட்டி வந்துட்டாரு!" என்றார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தேய்த்த சட்டையும் நெற்றியில் விபூதியுமாக, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் கணவர் உள்ளே வந்தார்.

வீட்டுக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "வா தம்பி. வாடக குடுக்க வந்தியா? இன்னும் தேதி ஆவலியே."

"இல்லம்மா, வீடு விஷயமா..." என்றவர் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ இங்க என்ன பண்ற?" பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அட, அந்த வீடும் உங்களுதுதானாம்மா? உங்களுக்கு இன்னொரு வீடு இருக்கறது எனக்குத் தெரியவே தெரியாதே!"

"எந்த ஊடுப்பா?"

அவர் கைப்பேசியை எடுத்துக் கம்பீரமாகப் படித்தார். அமைதியான பகுதி, கிழக்குப் பார்த்த வாசல், வற்றாத போர் தண்ணீர். சப்போட்டா மரத்துக்கு வந்தபோது குரல் இறங்கியது. ஏரிக்காற்றில் நின்றுவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் ஒரு பஜ்ஜியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். அவர் தன் நண்பருக்குத் தட்டிய பதில், 'நல்லா இருக்கு, லோன் போட்டாவது வாங்கலாம், விசாரி' என்பது. அது ஒவ்வொரு கையாக மாறும்போது லோன் உதிர்ந்து, விசாரிப்பது உதிர்ந்து, ரெடி கேஷ் பார்ட்டி ஒத்தைக் காலில் நிற்பதாக வந்து சேர்ந்திருக்கிறது. விற்க நினைக்காதவர் வீட்டை, அதிலேயே குடியிருப்பவருக்கு, இத்தனை பேர் சேர்ந்து ஆடி மாதம் முழுக்க விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டார். நசரத்பேட்டை மட்டும் மனம் தளரவில்லை.

"வாங்குறவரும் இங்கயே கீறாரு, விக்கிறவங்களும் இங்கயே கீறாங்க. நல்ல நேரம் போறதுக்குள்ள அட்வான்ஸ் போட்டுக்கலாமே?"

"அந்த வீட்டையா? பைத்தியமா எனக்கு?" என்றார் என் கணவர், வீட்டுக்காரம்மா எதிரில் இருப்பதையும் மறந்து.

சிரிப்பு அடங்கியதும் வீட்டுக்காரம்மா கேட்டார். "மெய்யாலுமே கேக்கறேன் தம்பி. படிச்சப்போ நல்ல ஊடுன்னுதானே நெனச்சே?"

"படிச்சப்போ நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"எனக்கும் அப்டித்தான் இருந்துச்சி. ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன். சப்போட்டா மரம், காத்து... இங்க எனக்கின்னா கீது? இவன் டிவி, இவன் பொண்டாட்டி டிவி. ஒரு மூலைல குந்தக்கூட முடில." மகன் பக்கம் திரும்பினார். "நான் ஊட்ட விக்கலடா. இவ்ளோ நல்ல ஊட்ட எவனாவது விப்பானா? நானே போய் இருந்துக்கறேன்."

எனக்கு வந்த நிம்மதி பாதியிலேயே நின்றது.

"மூஞ்சிய அப்டி வச்சிக்காதம்மா" என்றார் என்னிடம். "உம்பொண்ணு பரிச்ச முடியட்டும். அது வரிக்கும் இரு. அப்பால நான் வந்துர்றேன்."

பஜ்ஜியைத் தின்றுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். எங்கள் வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதுதான் என் கணவர் கேட்டார்.

"நீயா எழுதின?"

"ஆமா."

"எந்தப் புத்தகத்துலயும் பாக்காமலா?"

"பாக்காமத்தான்."

"ம்" என்றார். அப்புறம் வாசலிலேயே நின்று வீட்டைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார்.

புரட்டாசியில் ஒப்படைப்பு திருத்தப்பட்டு வந்தது. தேர்ச்சிக்குத் தேவையானதைப் போட்டுவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் 'மிகைப்படுத்தல் அதிகம், நம்பும்படி இல்லை' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரே நம்பியது. என் கணவரே நம்பினார். வீட்டுக்காரம்மா நம்பி, எங்களைக் கிளப்பிவிட்டுக் குடி வரவே போகிறார். மார்க் போடுகிற மனுஷனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லையாம்.

வீட்டுக்காரம்மா மார்ச்வரை பொறுக்கவும் இல்லை. சாயங்காலமானால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சப்போட்டா மரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்குக் கேட்பார்.

"இன்னாமா, இன்னிக்கும் காத்து வர்ல?"

"வரும்மா. எழுதியிருக்கேன்ல" என்பேன்.

நாற்காலியை மேற்கே திருப்பிப் பார்ப்பார், வடக்கே திருப்பிப் பார்ப்பார். வௌவால் துப்பும் கொட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். எனக்கு அவமானமாக இருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டிருந்த சாயங்காலம். மகள் உள்ளே சத்தமாக எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தாள். காப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவளை, "நீயும் சித்த நேரம் குந்தும்மா" என்று இழுத்து, துணி துவைக்கிற கல்லில் உட்கார வைத்தார் வீட்டுக்காரம்மா. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மரத்தின் உச்சி அசைந்தது. அப்புறம் கொடியில் கிடந்த துணி அசைந்தது. அப்புறம் குளிர்ந்த காற்று ஒன்று, ஈரமாக, லேசான பாசி வாசனையோடு வந்து முகத்தில் பட்டது. நான் எழுதியபடியே, ஒரு எழுத்து மாறாமல். இத்தனை வருஷமும் இது மழை விட்ட சாயங்காலங்களில் வந்திருக்கும், நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மின்விசிறியைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"பாத்தியா, வந்துச்சி!" என்றார் வீட்டுக்காரம்மா, கண்ணை மூடிக்கொண்டு. "நீ எய்தினது சும்மா இல்ல. ஆமா, பொண்ணுக்குப் பரிச்ச எப்போ முடியுதுன்னே?"

"மார்ச்சுலம்மா."

பிளஸ் டூ பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லோரும் மார்ச் எப்போது வந்து முடியும் என்று சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கும்போது, வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் அந்த வருஷம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.